வானம் தெரிய வேண்டிய கூரை

1

எங்கள் வீட்டுப் பல்கணியில், குடிவந்த நாள் தொட்டு, மழை மறைக்கும் நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் ஒன்று கட்டியிருந்தது. இந்த இலையுதிர்காலத்தோடு அது இல்லை. சென்ற கிழமை மின்தூக்கிக்குள் வைத்துக் கட்டட நிர்வாகக் குழுவின் தலைவி பெரித் அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். இனி வீதியிலிருந்து பார்க்கக் கட்டடம் ஒரே சீராக இருக்குமாம். நானும் பதிலுக்கு நன்றி சொன்னேன். இந்த நாட்டில் எதற்கும் நன்றி சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அது ஒரு வசதி.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் ஹவுகன்ஸ்டுவா, நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவின் விளிம்பில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. உலகத்தில் எங்கெங்கே சண்டை நடந்ததோ அங்கிருந்தெல்லாம் ஒரு குடும்பமாவது எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கும். யார் எந்தச் சண்டையிலிருந்து வந்தாலும் பல்கணி மட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரித் அம்மையார் கெட்டவர் அல்ல. வருடா வருடம் பனி கரைந்ததும் எங்கள் வாசல் மணியை அடிப்பார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். என் மனைவி றெஜினா கொடுக்கும் பால் தேநீரை முழுவதும் குடிப்பார். தறப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போவார். நான் ஆகட்டும் என்பேன். கழற்ற மாட்டேன்.

என் மகள் ஜெனிற்றாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. பதினான்கு வயது. ரயிலில் வரும்போது எங்கள் பல்கணிதான் முதலில் கண்ணில் படுமாம்.

"அந்த நீலம் எங்கடை வீடு எண்டு கிளாஸில எல்லாருக்கும் தெரியும், அப்பா. சோ ஃப்ளவுத்," என்பாள். வெட்கக்கேட்டுக்கு அவள் வைத்திருக்கும் நோர்வேஜியச் சொல் அது. என்னோடு கதைக்கும்போது அதிகம் பாவிக்கிற சொல்லும் அதுதான்.

"மழை வருமெல்லோ பிள்ளை."

"மேல் வீட்டுப் பல்கணிதானே எங்களுக்குக் கூரை? பிறகு எப்பிடி மழை வரும்?"

அவள் சொல்வது சரி. மேலே கொங்கிரீட் இருக்கிறது. ஒரு சொட்டு விழாது. தறப்பாள் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதை நானும் றெஜினாவும் வாயில் எடுப்பதில்லை என்று இருந்தோம். கூடி முடிவெடுத்த காரியமும் அல்ல. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அப்படியே பழகிவிட்டது.

2

நான் வேலை செய்வது நகரத்துக்கு வெளியே, காட்டுக்குள், ஓர் ஏரியோரத்தில் உள்ள முகாம் நிலையத்தில். 'முகாம்' என்றதும் ஊரில் உள்ளவர்களுக்கு வேறு நினைவு வரும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கம்பனிக்காரரும் காசு கொடுத்து வந்து தங்கிப் போகிற இடம். நான் அங்கே வக்த்மேஸ்டர். கதவு, குழாய், விறகு, பனி, எலி எல்லாம் என் பொறுப்பு.

இலையுதிர்காலம் தொடங்கிய நேரம் நிலையத்தின் பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். யூத இளைஞர் குழு ஒன்று தங்கள் அறுவடைத் திருவிழாவுக்காக வார இறுதியில் வந்து தங்கப் போகிறது என்றார். பதிவில் வேறு பெயர்தான் இருக்குமாம். வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாதாம். நான் ஏன் என்று கேட்கவில்லை. எந்த வீட்டில் யார் தங்கியிருக்கிறார் என்பதை வாய்விடக் கூடாத ஊரில் வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கம் இங்கே வந்து இப்படிப் பயன்படும் என்றுதான் நினைக்கவில்லை.

றெஜினாவுக்கு அந்த வார இறுதி முதியோர் இல்லத்தில் வேலை. ஜெனிற்றாவுக்குக் கைச்செலவுக்குக் காசு தேவை. பொறுப்பாளரிடம் கேட்டு அவளையும் அவர்களின் குடிலுக்கு மரக்கொப்பு இழுக்கிற வேலைக்குக் கூட்டிப் போனேன்.

குழு வருவதற்கு முதலே காதில் வயரோடு இரண்டு பேர் வந்து காட்டோரத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். வாசலில் பொலிஸ் வாகனம் ஒன்று வந்து நின்றது. பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாரும் என் மகளின் வயது. முதுகில் பை, கையில் தொலைபேசி, ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரிப்பு. அந்த வாகனத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் தொங்கும் மணிக்கூடு போலத்தான் அது அவர்களுக்கு, எப்போதும் உள்ள ஒன்று. என் மகள் மட்டும்தான் நின்று பார்த்தாள்.

"என்ன அப்பா, ஆரும் செத்திட்டினமோ?"

"இல்லை. ஒருத்தரும் சாகாமல் இருக்கத்தான் நிக்கினம்."

குழுவை நடத்தியவள் தாலியா என்ற இளம் ஆசிரியை. குழு வருவதற்கு ஒரு நாள் முன்னே தனியாக வந்து, என்ன வேண்டும் என்று எனக்கு விளக்கியிருந்தாள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த அவர்களின் முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் நாற்பது வருடம் அலைந்தார்களாம். அதை மறக்காமல் இருக்க, விளைச்சல் வீடு வந்து வயிறு நிறைந்திருக்கிற காலத்தில், வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு கிழமை குடிலில் சாப்பிட வேண்டுமாம். எங்கள் கோவிலில் வேதாகமத்திலிருந்து கூடாரத் திருவிழா என்று வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அதை இன்னும் ஆட்கள் கொண்டாடுகிறார்கள் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

3

மன்னாரில் பிறந்தவனுக்குக் குடில் கட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மடு மாதா கோவில் திருவிழாவுக்கு உழவு இயந்திரத்தில் குடும்பத்தோடு போய், காட்டுத் தடி வெட்டி, குழை போட்டு, நவநாள் முழுவதும் கொட்டிலில் கிடக்கிற ஆட்கள் நாங்கள். சண்டைக் காலத்தில் அதே காட்டில் அதே கொட்டிலுக்குள் அகதியாகவும் கிடந்தோம். ஆகவே தாலியாவிடம் "விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரிய மனிதன் போலச் சொன்னேன்.

அன்றே, காற்றில் விழுந்த ஊசியிலை மரங்களின் கொப்புகளை ஜெனிற்றா இழுத்து வந்தாள். நான் சட்டம் நட்டு, சுற்றிவரத் துணி கட்டி, கூரைக்குக் கொப்பை நெருக்கி அடுக்கினேன். ஒரு துளி ஒழுகாத கூரை. தாலியா வந்தாள். உள்ளே போய் வெறும் நிலத்தில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தாள்.

"மிகவும் அழகு, சேவியர். ஆனால் பாதிக் கொப்பை எடுக்க வேண்டும். பகலில் நிழல் இருந்தால் போதும். இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும்."

"மழை வந்தால்?"

"நனைவோம். சூப்புக்குள் தண்ணீர் விழுந்தால் உள்ளே ஓடுவோம். அதற்கும் எங்களுக்கு விதி இருக்கிறது."

அவள் சிரித்தாள். என் மகளும் ஏணியில் ஏறி, நான் அடுக்கிய கொப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டபடி சிரித்தாள். இரண்டு பேரும் நோர்வேஜிய மொழியில் என்னவோ கதைத்தார்கள். என்னோடு ஒரு மாதத்தில் கதைக்காத கதையை அவள் அந்த ஒரு பின்னேரத்தில் கதைத்தாள். எனக்கு அதுவும் எரிச்சல். வேண்டுமென்றே ஒழுக விடுகிற கூரை அதைவிட எரிச்சல்.

எங்கள் முதல் பிள்ளையைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன்.

சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் இடம் இடமாக நகர்ந்தபோது கையில் மிஞ்சியது ஒரு தறப்பாள். போகிற இடத்தில் விரிப்போம், சுருட்டுவோம். அதில் சன்னங்கள் பட்டு ஓட்டைகள். எல்லாம் முடிந்து முட்கம்பி முகாமுக்குள் போனபோதும் அதையே கட்டினோம். மகளுக்கு ஐந்து வயது. இரவில் மல்லாந்து கிடந்து அந்த ஓட்டைகளுக்கு நேரே விரலை நீட்டி, "அப்பா, வானம் தெரியுது" என்பாள். எனக்கு அப்போது அது சந்தோஷமாக இருந்தது. பிள்ளை சிரிக்கிறதே என்று அடைக்காமல் விட்டேன். பிறகு மாரி வந்தது. அடைக்க முகாமில் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று நாள் மழை அந்த ஓட்டைகளால் அவள் மேல் விழுந்தது. சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு என்று உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களைக் கூடப் போக விடவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அவள் பெயரும் ஜெனிற்றா.

இவளுக்கும் அதே பெயர் எப்படி வந்தது என்றால், நான் முதலில் தனியாகத்தான் இங்கே வந்து சேர்ந்தேன். அகதி விசாரணையில் எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். "ஒரு மகள்" என்று வாயில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர். "பாப்பா இப்ப எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். பாப்பா என்ற சொல் காதில் விழுந்தபின் செத்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "முகாமில்" என்றேன். அவர் அதை அப்படியே சொன்னார். பிறகு மனைவியையும் மகளையும் கூப்பிட அலுவலகம் கோப்பு திறந்துவிட்டது. மகளின் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் அனுப்பச் சொன்னார்கள். நான் போய்த் திருத்துவதற்குள், இந்த நாட்டின் கணக்கில் அவள் சில காலம் உயிரோடு இருந்தாள்.

றெஜினா தனியே வந்தாள். இங்கே அடுத்த பெண்குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவை ரெண்டு பேரைத்தானே கூப்பிட்டவை. மற்ற ஆள் இப்பத்தான் வந்திருக்கிறா." அதே பெயரை வைத்தாள். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னால் மரியா என்றும் சேர்த்து வைத்தார்.

4

வெள்ளிக்கிழமை பொழுதுபட அவர்களின் ஓய்வுநாள் தொடங்கும். பின்னேரமே வானம் கறுத்துவிட்டது. இரவு பெருமழை என்று தொலைபேசி காட்டியது. பிள்ளைகள் எல்லாரும் மண்டபத்துக்குள் குளித்து உடுத்திக்கொண்டிருந்தார்கள். நான் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். அங்கேயும் எப்போதும் ஒரு தறப்பாள் வைத்திருப்பேன்.

"கேட்டிட்டுச் செய்யுங்கோவன் அப்பா," என்று ஜெனிற்றா பின்னால் வந்தாள்.

"மழை கேட்டிட்டோ வருது?"

குடிலின் மேலே விரித்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினேன். எறிகணைக்கு நடுவில் கட்டிப் பழகிய முடிச்சு. காற்று என்ன, யானை இழுத்தாலும் அவிழாது. மனதுக்கு ஆறுதலாக இருந்தது. சொல்லப்போனால் பல வருடங்களில் நான் செய்த நல்ல வேலை அதுதான் என்றுகூட நினைத்தேன்.

பொழுதுபட்டது. பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு பாடிக்கொண்டு மண்டபத்திலிருந்து இறங்கி வந்தார்கள். குடில் வாசலில் பாட்டு நின்றுவிட்டது. தாலியா மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மழை வருகிறது," என்றேன்.

"தெரியும், சேவியர். ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. நாங்கள் முடிச்சு அவிழ்க்கக் கூடாது. உங்களை அவிழ்க்கச் சொல்லிக் கேட்கவும் கூடாது."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்."

"ஒன்று மட்டும் சொல்கிறேன். அது மேலே இருக்கும்வரை எங்களால் இதற்குள் இருந்து சாப்பிட முடியாது. வானத்தை மறைத்தால் இது அந்தக் குடில் இல்லை."

இப்படிக் கேட்காமல் கேட்பது எனக்கு விளங்காதா? 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிற சம்பந்திமாரைப் பார்த்து வளர்ந்தவன் நான். நன்றாக விளங்கியது. அந்த இடத்தில் அதை அவிழ்க்கக்கூடிய வளர்ந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதும் விளங்கியது. காவல்காரர் இரண்டு பேரும் அவர்களின் ஆட்கள், ஓய்வுநாள் அவர்களுக்கும்தான்.

ஏணியடிக்குப் போனேன். கையை வைத்தேன். கால் ஏறவில்லை.

"பிள்ளைகள் நனைவார்கள்," என்றேன்.

"கொஞ்சம் நனைவார்கள். பரவாயில்லை."

"பரவாயில்லையா?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பதினைந்து வருடமாகப் படித்த நோர்வேஜிய மொழியில் இலக்கணம் பிசகாமல் கத்தினேன். "மழையில் பிள்ளைகள் சாவார்கள். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மழையில் பிள்ளைகள் சாவார்கள்."

காவல்காரர் ஒருவர் இரண்டு அடி முன்னே வந்து, தாலியா கையைக் காட்டியதும் நின்றார். என் மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. 'ஃப்ளவுத்' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையை ஏணியிலிருந்து எடுத்துவிட்டு ஏறினாள்.

முடிச்சோடு மினக்கெட்டாள். நகத்தால் கிண்டினாள். பல்லால் இழுத்தாள்.

"அவிழுதில்லை அப்பா. எப்பிடி?"

நான் தோளில் உதிர்ந்த ஊசியிலைகளைத் தட்டிவிட்டேன்.

"அப்பா. எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

"இழுக்காதை," என்றேன். "இழுத்தால் இறுகும். கயித்தை உள்ளுக்குத் தள்ளு."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு முடிச்சும் அவிழ்ந்து தறப்பாள் சரிந்து என் தோளில் விழுந்தது. அதே நேரம் முதல் துளிகளும் விழுந்தன. பிள்ளைகள் உள்ளே போய் மேசையைச் சுற்றி நின்று பாடினார்கள். ரொட்டியைப் பிய்த்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். கொப்புகளால் சொட்டியது. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியது. ஒரு பெண்பிள்ளை அண்ணாந்து வாயைத் திறந்து மழையைப் பிடித்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் விறகுக் கொட்டகைக்குள் போய் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை உரத்தது. எல்லாரும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி மண்டபத்துக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலையில் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

5

ஞாயிறு பின்னேரம் வீடு திரும்பும்போதும் மழை. கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனிற்றா தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதுவே வழக்கத்துக்கு மாறு.

"அப்பா, மழையில ஆர் செத்தது?"

வேறு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன்.

"உன்ரை அக்கா."

"எனக்கு அக்கா இருந்தவவோ?"

"ஓம். அஞ்சு வயசு. முகாமில. தறப்பாள் ஒழுகினது."

சுரங்கப்பாதைக்குள் போய் வெளியே வந்தோம்.

"பேர் என்ன?"

"ஜெனிற்றா."

"ஓம், சொல்லுங்கோ," என்றாள்.

நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு விளங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது முகத்தை யன்னல் பக்கம் வைத்திருந்தாள். அழுகிறாளா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

வீட்டில் தாயும் மகளும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விடிய எழும்பிப் பார்த்தால் பல்கணியில் வெளிச்சம். தறப்பாளைக் கழற்றி மடித்து மூலையில் வைத்திருந்தாள் றெஜினா.

"காணும். இவ்வளவு நாளும் கட்டினது போதும்," என்றாள்.

அடுத்த கிழமை வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். இனி மரியா என்று கூப்பிடச் சொல்லிப் பிள்ளை கேட்கிறாளாம். பெற்றோருக்குச் சம்மதமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அவளிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன்.

"அது அவவின்ரை பேர், அப்பா," என்றாள். "தெரியாமல் இவ்வளவு நாளும் நான் போட்டுக்கொண்டு திரிஞ்சிட்டன். திருப்பிக் குடுக்கவேணும்."

அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டதைச் சொல்வது போலச் சொன்னாள். ஒரு தரம் இழந்த பிள்ளையை இன்னொரு தரம் என் கையால் இழக்கச் சொல்கிறாள் என்று பட்டது. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வீட்டுக்குள் ஜெனிற்றா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் கேட்காதது போல இருக்கவில்லை. என்னை நேரே பார்த்தாள், பொறுமையாக, நான் வேறு யாரையோ தேடுகிறேன் என்பது போல. மூன்றாம் நாள் ஆசிரியைக்குச் சம்மதம் என்று சொன்னேன்.

நவம்பர் இரண்டாம் தேதி இறந்தோர் திருநாள். ஊரில் என்றால் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவோம். இங்கே தமிழ்ப் பூசையில், குடும்பங்கள் கொடுக்கிற பெயர்களைச் சாமியார் வாசிப்பார். ஒவ்வொரு வருடமும் நாங்கள் அப்புவின் பெயர், மாமாக்களின் பெயர் எல்லாம் கொடுப்போம். அந்தப் பெயரைக் கொடுத்ததில்லை. எப்படிக் கொடுப்பது? செத்தவர்களின் வரிசையில் அதை வாசிக்கும்போது, அதே பெயரோடு ஒரு பிள்ளை என் பக்கத்தில் உயிரோடு இருந்து கேட்குமே.

இந்த முறை பூசை தொடங்குமுன் மகள் எழும்பித் தனியே சாமியாரின் அறைக்குள் போய்விட்டு வந்தாள். வாசிப்பு தொடங்கியது. எங்கள் அப்புவின் பெயர் வந்தது. மாமாக்கள் வந்தார்கள். பிறகு சாமியார் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்.

"ஜெனிற்றா சேவியர். ஐந்து வயது."

பழக்கதோஷத்தில் நான் சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். றெஜினாவும் திரும்பினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தவள் பீடத்தைப் பார்த்தபடி, தடக்குப்படும் தமிழில், எல்லோரோடும் சேர்ந்து மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.